ஏ.எல்.எஸ் வந்த வீட்டில் அன்றாடம்: எதையும் ஒரு படி முன்னால் செய்யுங்கள்

நரம்பியல் மருத்துவர் ஏ.எல்.எஸ் என்று சொல்லிவிட்டார், ராத்திரி முழுக்க ஃபோனில் தேடிப் படித்துவிட்டீர்கள், வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து என்ன செய்வது என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் அப்பாவைப் பார்த்துக்கொண்டபோது மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டும் சொல்லிக்கொடுத்தது பாதி, வீட்டில் நாங்களே கண்டுபிடித்தது பாதி. மருந்து அளவு, டியூப், மெஷின் எல்லாம் உங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

முதலில் இந்த நோய் எதை எடுக்கும், எதை விட்டுவைக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பு செல்கள் இறந்துகொண்டே வருகின்றன, அதனால் கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு விடும் தசைகள் என்று ஒவ்வொன்றாகப் பலம் போகிறது. ஆனால் தொட்டால் தெரியும், காது கேட்கும், கண் தெரியும், கண்ணை அசைக்க முடியும், சிறுநீர் மலம் வருவது பெரும்பாலும் தெரியும். சிலருக்கு யோசிப்பதிலும் குணத்திலும் மாற்றம் வரலாம், ஆனால் நிறையப் பேருக்கு அறிவும் ஞாபகமும் அப்படியேதான் இருக்கும். எனவே படுத்திருப்பவருக்கு முன்னாலேயே "பாவம், இன்னும் எத்தனை நாளோ" என்று பேசும் உறவினர்களை முதல் நாளே நிறுத்துங்கள்.

எவ்வளவு காலம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பெரும்பாலும் 2 முதல் 5 ஆண்டுகள் என்பார்கள், பத்தில் ஒருவர் 10 ஆண்டுகளைத் தாண்டுகிறார். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963இல், 21 வயதில் கண்டுபிடித்தார்கள், அவர் 2018 வரை இருந்தார். அவரை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், ஆனால் அவ்வளவு மெதுவாக நகர்வது மிக அரிது. ஏ.எல்.எஸ்ஸும் சேர்ந்த மோட்டார் நியூரான் நோயிலேயே வகைகள் உண்டு. இளம் வயதில் வந்து, முகத் தசையையும் காதையும் பாதித்து, மெதுவாகப் போகும் ஒரு வகையைச் சென்னை மருத்துவர்கள் 1970இல் எழுதினார்கள், இன்றும் உலக மருத்துவத்தில் அதற்கு மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்றுதான் பெயர். எந்த வகை, எவ்வளவு வேகம் என்று உங்கள் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். அதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாத் திட்டமும்.

இந்த நோயில் நான் நம்புவது ஒரே ஒரு விதி. ஒன்று தேவைப்படுவதற்கு முன்னால் அது வீட்டில் இருக்க வேண்டும். பேச்சு குழறத் தொடங்கும்போதே எழுத்து அட்டை, மாடிப்படியில் முதல் தடவை தடுமாறும்போதே கீழ் அறையில் கட்டில், சாப்பிடும்போது இருமல் வரத் தொடங்கியதுமே வயிற்றுக்குள் நேராக உணவு கொடுக்கும் டியூப் பற்றிய பேச்சு. தேவை வந்த பிறகு தேடினால் அவசரத்தில் யாரோ முடிவெடுப்பார்கள். முன்னாலேயே செய்தால் நோயாளியே முடிவெடுப்பார்.

மருந்து

ரிலுசோல் 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று பெரும்பாலும் எழுதிக்கொடுப்பார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டும். முதல் 3 மாதங்கள் மாதம் ஒரு தடவை கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். இது போன பலத்தைத் திரும்பக் கொண்டுவராது, ஆயுளைச் சில மாதங்கள் நீட்டும், அவ்வளவுதான். அது தெரியாமல் "சாப்பிட்டும் கை தூக்க முடியவில்லையே" என்று பாதியில் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். தசை இறுக்கத்துக்கும் தசைப்பிடிப்புக்கும் வேறு மருந்துகள் உண்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம்.

ஸ்டெம் செல் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவர்கள் கட்டாயம் உங்களைத் தேடி வருவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர வேறு எதையும் சிகிச்சையாக விற்க ஒப்புதல் இல்லை என்று தெளிவாகவே இருக்கிறது. அந்தப் பணம் மூச்சு விட உதவும் பைபேப் மெஷினுக்கும் இன்வெர்ட்டருக்கும் ராத்திரி ஆள் வைப்பதற்கும் தேவைப்படும். நகையை அடகு வைக்கும் முன் ஒரு தடவை இதை நினைத்துப் பாருங்கள்.

வீட்டை மாற்றுவது

நம் வீடுகளில் பாத்ரூம் ஒரு படி கீழேதான் இருக்கும், வாசலில் நிலைப்படி இருக்கும், கதவு குறுகலாக இருக்கும். வீல் சேர் வாங்குவதற்கு முன் எல்லாக் கதவுகளையும் டேப்பால் அளந்துவிடுங்கள், பாத்ரூம் கதவில் நுழையாத வீல் சேரால் பாதிப் பயன்தான். இந்தியன் டாய்லெட் என்றால் அதன் மேலேயே தள்ளி நிறுத்தும், நடுவில் ஓட்டை உள்ள, சக்கரம் வைத்த கமோடு நாற்காலி கிடைக்கிறது. குளிக்கவும் அதே நாற்காலி போதும். வாளியும் குவளையும் கொஞ்ச நாளில் முடியாமல் போகும், கையில் பிடிக்கும் ஷவர் ஒன்று மாட்டிவிடுங்கள். ஆண்களுக்கு எலாஸ்டிக் கால்சட்டையோ வெல்க்ரோ வைத்த வேட்டியோ, பெண்களுக்கு முன்பக்கம் முழுக்கத் திறக்கும் நைட்டி. சட்டை பட்டன் போடுவதுதான் பலருக்குக் கையில் முதலில் நின்றுபோகும் வேலை.

தூக்கும்போது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுக்காதீர்கள். தோள் தசை இளைத்திருக்கும், மூட்டு நகர்ந்தால் அந்த வலி மாதக்கணக்கில் போகாது. இடுப்பில் கட்டும் பெல்ட்டைப் பிடித்து எழுப்பும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள், படுக்கையில் நகர்த்த அடியில் குறுக்காக ஒரு துணி போட்டு இரண்டு பக்கமும் இருவர் பிடித்து நகர்த்துங்கள். உடற்பயிற்சி என்று பளு தூக்க வைத்துக் களைக்க விட வேண்டாம். ஒவ்வொரு மூட்டையும் தினமும் மெதுவாக முழுசாக அசைத்துவிடுவது, அதுதான் முக்கியம்.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொடு உணர்வு அப்படியே இருக்கிறது, கை அசையாது. ஒரு கொசு நெற்றியில் உட்கார்ந்தால், ஒரு எறும்பு காதோரம் ஊர்ந்தால், மூக்கு அரித்தால், காது மடல் தலையணையில் மடங்கினால் அவருக்கு அது சித்திரவதை. சாயங்காலம் ஆறு மணிக்கே கொசுவலை கட்டிவிடுங்கள். கட்டில் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. கடையில் கிடைக்கும் வயர்லெஸ் காலிங் பெல்லின் பட்டனை எந்த இடம் இன்னும் அசைகிறதோ அங்கே, விரல் ஓரமோ கால் கட்டைவிரலோ கன்னமோ, ஒட்டிவையுங்கள். மணி வீட்டின் நடுவில் இருக்கட்டும். அந்த இடமும் சில மாதங்களில் மாறும், அப்போது பட்டனையும் மாற்றுங்கள்.

சாப்பாடு

தொண்டைத் தசை பலவீனமாகும்போது எல்லோரும் "தண்ணியா குடுங்க, ஈசியா இறங்கும்" என்பார்கள். நடப்பது தலைகீழ். தண்ணீர், காபி, மோர், ரசம் இவைதான் வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் போகும். உதிரும் சாப்பாடும் ஆபத்து, முறுக்கு, புட்டு, பொரி, மொறுமொறு தோசை எல்லாம் நிறுத்திவிடுங்கள். நீரும் பருக்கையும் கலந்த ரசம் சாதம் மிகச் சிரமம், வாய்க்குள் இரண்டும் பிரிந்துவிடும். ஒரே பதமாகக் கெட்டியாக இருப்பதுதான் சுலபம்: குழைய மசித்த தயிர்சாதம், கெட்டியான ராகிக் கூழ், பருப்பு நெய் போட்டு மிக்ஸியில் அடித்த சாதம், மசித்த வாழைப்பழம், சாம்பாரில் நன்றாக ஊறி முழுதும் மசிந்த இட்லி. தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர் மருந்துக்கடையில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்.

நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்று நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள், சிறு ஸ்பூனாகக் கொடுங்கள், அந்த நேரத்தில் டிவி வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஒவ்வொரு வாய்க்கும் இருமல், எடை இறங்குகிறது என்றால் வயிற்றில் நேராகப் போடும் பெக் டியூப் பற்றிப் பேச வேண்டிய நேரம். எடையை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குறித்துவையுங்கள், நோய்க்கு முன் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காதீர்கள். நெய், வெண்ணெய், வேர்க்கடலை விழுது எல்லாம் தாராளமாகச் சேருங்கள், இந்த நோயில் மெலிவதுதான் கெடுதல்.

பெக் டியூப்பை மூச்சு நன்றாக இருக்கும்போதே, மூச்சுத் திறன் 50 சதவீதத்துக்குக் கீழே போவதற்கு முன் போடுவது பாதுகாப்பு. நம் ஊரில் டியூப் என்றாலே முடிவு வந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள், அதனால் தள்ளிப்போட்டுக் கடைசியில் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு மாதக்கணக்கில் அந்த உறுத்தலோடு இருக்கிறார்கள். பெக் போட்ட பிறகும் மருத்துவர் சம்மதித்தால் வாய்க்கு ருசியாக ஒரு வாய் பாயசம் கொடுக்கலாம். வடிகட்டிய கஞ்சி, பால், மிக்ஸியில் அரைத்து வடிகட்டிய பருப்புத் தண்ணீர் எல்லாம் டியூபில் போகும். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் தண்ணீர் விட்டு அலசாவிட்டால் அடைத்துக்கொள்ளும். மாத்திரைகளைப் பொடிக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேளுங்கள், சிலவற்றைப் பொடிக்கக் கூடாது.

வாயில் எச்சில் வழிவது எச்சில் அதிகம் சுரப்பதால் வருவதில்லை, விழுங்க முடியாததால் வருகிறது. அதைக் குறைக்க மருந்து இருக்கிறது, ஆனால் அளவு கூடினால் சளி கெட்டியாகிவிடும், எனவே மெதுவாகக் கூட்டச் சொல்வார்கள். எச்சிலையும் சளியையும் உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் மெஷின் ஒன்று கட்டிலருகே இருக்கட்டும், வாடகைக்கும் கிடைக்கும். அதை இயக்க வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும்.

மூச்சு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். மூச்சுத் தசை பலவீனமாவது மூச்சிரைப்பாகத்தான் தொடங்கும் என்றில்லை. மல்லாந்து படுக்க முடியாமல் தலையணை ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும். காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் தூக்கம், ராத்திரி கெட்ட கனவு, பேசும்போது பாதி வாக்கியத்தில் நிற்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் 3 மாதத்துக்கு ஒரு தடவை ஊதிப் பார்த்து மூச்சுத் திறனை அளக்கும் எஃப்.வி.சி பரிசோதனை செய்யுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 96 காட்டுகிறது, எனவே பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். இங்கே பிரச்சினை கரியமில வாயு வெளியே போகாமல் தேங்குவது, அதை அந்தக் கருவி காட்டாது. அதனால்தான் வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் மட்டும் வாங்கி மாட்டிவிடுவது ஆபத்து. வெறும் ஆக்ஸிஜன் மூச்சு விடும் முயற்சியையே குறைத்து, கரியமில வாயுவை ஏற்றி மயக்கத்தில் தள்ளிவிடலாம். தேவைப்படுவது காற்றை உள்ளே தள்ள உதவும் பைபேப் மெஷின். சிபேப் வேறு, அது இந்த நோய்க்கு உதவாது. நிமோனியா மாதிரி வந்து ஆக்ஸிஜன் தேவைப்பட்டால் மருத்துவர் கண்காணிப்பில், பைபேப்போடு சேர்த்துத்தான். இதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டுங்கள்: "ஏ.எல்.எஸ் நோயாளி. வெறும் ஆக்ஸிஜன் கொடுக்காதீர்கள். பைபேப் பயன்படுத்துகிறார். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள்." 108 வண்டி ராத்திரி 2 மணிக்கு வரும்போது நம்மால் நிதானமாக விளக்க முடியாது, தாள் பேசட்டும்.

பைபேப்பை முதல் ராத்திரியே முழுக்க மாட்ட முயன்றால் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பகலில் உட்கார்ந்து சீரியல் பார்க்கும்போது அரை மணி நேரம், அப்புறம் மத்தியானத் தூக்கத்தில், அப்புறம் ராத்திரி. மூக்குத் தண்டில் புண் வராமல் இரண்டு வித மாஸ்க்கை மாற்றி மாற்றிப் போடுங்கள். கரண்ட் போனால் என்ன என்பதற்கு இன்வெர்ட்டர் முதலிலேயே இருக்க வேண்டும், ஈரக்காற்றுக்கான ஹீட்டரை அணைத்தால் பேட்டரி கூட நேரம் தாங்கும். சளியை இருமித் தள்ளப் பலம் இல்லாதவருக்கு கையால் அமுக்கிக் காற்றைத் தள்ளும் ஆம்பு பையால் மூச்சை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இரும வைக்கும் முறை ஒன்று உண்டு, பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தருவார். தொண்டையில் துளை போட்டு வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்பது பெரிய முடிவு, அதை வைத்தால் 24 மணி நேரமும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஐ.சி.யூ வாசலில் நின்று அந்த முடிவை எடுக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

பேச்சு போவதற்கு முன்

குரல் கொஞ்சம் மூக்கால் வருகிறது, சாயங்காலத்தில் குழறுகிறது என்றால் அன்றைக்கே ஃபோனில் பதிவு செய்யத் தொடங்குங்கள். "தண்ணி வேணும்", "திருப்பிப் படுக்க வை" மட்டும் போதாது. பேரப் பிள்ளைகளைக் கூப்பிடும் விதம், அம்மாவைக் கிண்டல் செய்யும் வசனம், கோபத்தில் திட்டுவது, எல்லாம். பிறகு ஃபோனில் தட்டி ஒலிக்க வைக்கலாம். தமிழில் தட்டச்சு செய்தால் வாய்விட்டுப் படிக்கும் வசதி ஆண்ட்ராய்டு ஃபோனிலேயே இருக்கிறது, ஐஃபோனிலும் ஐபேடிலும் 2024இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து கண் அசைவால் திரையை இயக்கலாம். இருந்தாலும் கரண்ட், சார்ஜ், இன்டர்நெட் எதுவும் வேண்டாத ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, அட்டையில் எழுதிவிடலாம். தமிழுக்கு 247ஐயும் ஒரே அட்டையில் எழுதி ஒவ்வொன்றாகக் காட்டினால் ஒரு சொல்லுக்கே களைத்துப்போவார். நாங்கள் செய்தது இது. ஐந்தே வரிசை. முதல் வரிசை வல்லினம்: க ச ட த ப ற. இரண்டாவது மெல்லினம்: ங ஞ ண ந ம ன. மூன்றாவது இடையினம்: ய ர ல வ ழ ள. நான்காவது குறில்: அ இ உ எ ஒ. ஐந்தாவது நெடில்: ஆ ஈ ஊ ஏ ஐ ஓ ஔ. ஐந்தாம் வகுப்பு படித்தவருக்குக்கூட இந்த வரிசை மனப்பாடம், இரண்டு வாரத்தில் அட்டையே தேவைப்படாது.

கேட்பவர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வரிசையைச் சொல்ல, சரியான இடத்தில் அவர் கண்ணை மேலே தூக்குவார். பிறகு அந்த வரிசையில் எழுத்துகளைச் சொல்ல, மறுபடி கண். மெய் கிடைத்ததும் உயிரைக் கேட்பது எப்போதும் அவசியமில்லை. த, ல, வ, ல என்று நாலு எழுத்து வந்ததுமே "தலைவலியா?" என்று கேட்டுவிடலாம். ஒற்று இரட்டிப்பதை விட்டுவிடுங்கள். பல்லா பாலா என்று குழம்பும் இடத்தில் மட்டும் நான்காவது, ஐந்தாவது வரிசைக்குப் போங்கள். பஸ், ஜன்னல் மாதிரி சொற்களுக்கு ச போதும், புரிந்துவிடும். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள், நடுவில் யாராவது கூப்பிட்டால் விட்ட இடம் மறந்துவிடும். ஆம் என்பதற்குக் கண்ணை மேலே, இல்லை என்பதற்கு மூடித் திறப்பது என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வரும் நர்ஸுக்கும் சொல்லுங்கள்.

அட்டையின் பின்பக்கம் அடிக்கடி வேண்டியவை: மூச்சு, சளி, திருப்பு, அரிக்கிறது, ஃபேன், வலி, டாய்லெட், "நீ போய்த் தூங்கு". கடைசியில் உள்ளதை அப்பாதான் சேர்க்கச் சொன்னார்.

சிலருக்குக் காரணமில்லாமல் சிரிப்போ அழுகையோ பொங்கி வரும், நிறுத்த முடியாது. துக்க வீட்டில் சிரித்துவிட்டு அந்த வெட்கத்தில் அப்புறம் வெளியே வரவே மறுப்பார்கள். அது மனநோய் இல்லை, இந்த நோயின் நரம்புப் பாதிப்பு. மருந்துக்குக் கட்டுப்படும், மருத்துவரிடம் சொல்லுங்கள், சொந்தக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

காகிதங்கள்

கை கையெழுத்துப் போடும்போதே முடிக்க வேண்டியவை. வங்கிக் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக்குவது, பவர், உயில், ஃபோன் ரகசிய எண்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழும் யு.டி.ஐ.டி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் நடக்க முடிகிற காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் பல சலுகைகள் அதில்தான் தொடங்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை, வீல் சேர் பற்றிக் கேளுங்கள். ஓய்வூதியம் வாங்குபவருக்கு உயிர்வாழ்வுச் சான்றை முக அடையாளத்தால் வீட்டிலிருந்தே கொடுக்கலாம், விரல் ரேகை விழவில்லை என்று அலைய வேண்டாம்.

வென்டிலேட்டர் வேண்டுமா, எதுவரை சிகிச்சை, எங்கே கடைசி நாட்கள் என்பதை அவரே எழுதிவைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் இதை ஏற்றுக்கொண்டது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்து, போதும். இதைப் பேசத் தொடங்குவது கஷ்டம்தான். ஆனால் "உனக்கு என்ன வேணும்" என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று படுத்திருப்பவர் பெரும்பாலும் காத்துக்கொண்டுதான் இருப்பார். வலி, மூச்சுத்திணறல், பயம் எல்லாவற்றுக்கும் பாலியேட்டிவ் மருத்துவர்கள் உதவுவார்கள், முதல் வருடத்திலேயே தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பாலியேட்டிவ் கவனிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு செய்யுங்கள்.

பார்த்துக்கொள்பவர்

பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ ஒருவரே முழு வேலையும் செய்கிறார். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து திருப்பிவிட்டு, சளி எடுத்துவிட்டு, காலையில் சமைத்து வேலைக்கும் போகிறார். இப்படி ஆறு மாதம் போனால் இரண்டு நோயாளிகள் ஆகிவிடுவார்கள். பணம் கொஞ்சம் இருந்தால் பகல் ஆளைவிட ராத்திரி ஆள் வையுங்கள், தூக்கம்தான் முதலில் போகிறது. "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்கும் சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, அப்பாவின் நண்பர்கள் எல்லோருக்கும் "ஒண்ணும் வேண்டாம், பரவாயில்லை" என்று சொல்வதை நிறுத்துங்கள். நாளும் நேரமும் வேலையும் குறித்துச் சொல்லுங்கள்: சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை நீங்கள் அப்பாகூட இருங்கள். வருகிறேன் என்றவருக்கு முந்தின நாளே சக்ஷன் மெஷினையும் ஐந்து வரிசை அட்டையையும் சொல்லிக்கொடுங்கள், முதல் வாரம் நீங்களும் பக்கத்து அறையில் இருங்கள், அடுத்த வாரம் வெளியே கிளம்புங்கள்.